கடல்நீர்த் தொட்டியில் காரத்தன்மை: கவனிக்கப்படாத கையிருப்பு

கடல்வாழ் அலங்கார உயிர்களின் வளர்ப்பைத் தொழிலாக மேற்கொள்ள எண்ணி இங்கு வந்திருக்கும் அன்பர்கள் முதலில் விலை விசாரிப்பவை கண்ணாடித் தொட்டி, பம்பு, காற்றூட்டும் கருவி, தாய்மீன் ஆகியவையே. இது இயல்பு. திட்ட மதிப்பீடு எழுதுவோரும் இவற்றுக்குத் தனித்தனி இனங்களை ஒதுக்குகின்றனர். நீரைச் சோதிக்கும் செலவு மட்டும் ‘இதர செலவுகள்’ என்னும் கடைசி வரியில் ஒதுங்கிவிடுகிறது. ஒரு தொகுதிக் குஞ்சுகள் முழுவதும் மடிந்த பின்னர் காரணம் தேடினால், பல வேளைகளில் அது அந்தக் கடைசி வரியில்தான் அகப்படும்.

காரத்தன்மை என்பது பி.எச். அளவின் மறுபெயரன்று. பி.எச். சந்தை விலையைப் போன்றது; அந்த நேரத்து நிலையைக் காட்டும். காரத்தன்மையோ அரசுக் கிடங்கிலுள்ள தானியக் கையிருப்பைப் போன்றது. அமிலம் சேரச் சேர அதனைத் தாங்கிக்கொள்ளும் ஆற்றல் அது. கடல்நீரில் இவ்வாற்றலின் பெரும்பகுதி பைகார்பனேட்டாகவும், ஒரு சிறு பகுதி கார்பனேட்டாகவும் உள்ளது. கையிருப்பு போதிய அளவில் உள்ளவரை விலை பெரிதும் ஆடாது. கையிருப்பு கரைவது வெளியே தெரிவதுமில்லை. அது தீரும் தறுவாயில்தான் பி.எச். திடீரெனச் சரியும். ஆதலின் பி.எச். அளவை மட்டும் பார்த்து நிறைவடைபவர் கிடங்கைத் திறந்து பாராதவரே ஆவார்.

திறந்த கடலில் இக்கையிருப்பு, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு ஏறத்தாழ 115 முதல் 125 மில்லிகிராம் வரை இருக்கும். கால்சியம் ஏறத்தாழ 415 மில்லிகிராம். மக்னீசியம் 1,300 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. பவள உயிரிகள் தம் கூட்டைக் கட்ட இந்த இருப்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. லிட்டருக்கு 50 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும்போது கால்சியம் 20 மில்லிகிராமே குறைகிறது. அஃதாவது, கால்சியத்தில் இருபதில் ஒரு பங்கு குறையும் வேளையில் காரத்தன்மையில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது. பவளத் தொட்டி வைத்திருப்போர் எதற்கும் முன்னதாகக் காரத்தன்மையை அளந்தறிவதன் காரணம் இதுவே.

நம் நாட்டில் வீடுகளில் பவளம் வளர்ப்பதற்கு இடமில்லை என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. கச்சு வளைகுடா, மன்னார் வளைகுடா, இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் ஆகிய எப்பகுதியிலிருந்தும் அவற்றைப் பெயர்த்தெடுப்பது குற்றம். இத்தொழில் வளரவேண்டிய திசை பொரிப்பகங்களே. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை உருவாக்கியுள்ளது. இலட்சத்தீவின் அகத்தியில் தேசிய மீன் மரபணு வளப் பணியகம் அலங்கார இறால் வளர்ப்பில் தீவுப் பெண்களுக்குப் பயிற்சி அளித்துள்ளது. தொட்டியில் பிறந்த ஒவ்வொரு மீனும் பாறையிடுக்கிலிருந்து பிடிக்கப்படாத ஒரு மீன்.

பவளமே இல்லாத பொரிப்பகத்தில் காரத்தன்மை எவ்வாறு செலவாகும் என்னும் ஐயம் எழலாம். மீனின் கழிவிலும் எஞ்சிய தீனியிலும் தோன்றும் அம்மோனியாவை வடிகட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அவ்வினையில் அமிலம் பிறக்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறும்போது 7 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட காரத்தன்மை அழிகிறது. நீர் மாற்றாத தொட்டியில் சில வாரங்களில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜன் இவ்வாறு மாறினால், 120-இல் 71 போய்விடும். கையிருப்பு மிகவும் குறைந்தால் அந்தப் பாக்டீரியாக்களின் வேலையே தளர்ந்து அம்மோனியா தேங்கும். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கையிலேயே இவ்வளவும் நடக்கும்.

செலவு செய்தவர் யார் என்பதை அறிந்தே ஈடு செய்தல் வேண்டும். பொரிப்பகத்தில் கால்சியம் செலவாவதில்லை. சமையல் சோடா ஒன்றே போதும். ஆயிரம் லிட்டர் நீரில் 50 மில்லிகிராம் உயர்த்த 84 கிராம் தேவை. அதனையும் ஒரே நாளில் கொட்டாமல், நன்னீரில் கரைத்து, நாளொன்றுக்குப் பாதி அளவு என்னும் வரம்பில் சேர்ப்பது நலம். இதனால் பி.எச். உடனே உயராது; சற்றுக் குறையவும் கூடும். அதுகண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆராய்ச்சி நிலையங்களின் பவளத் தொட்டிகளிலோ கால்சியமும் உடன் செலவாவதால், தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முறை பொருந்தும். அது கடுங்காரம், விரைந்து ஊற்றினால் நீர் பால்போல் வெளுத்து, சேர்த்ததும் இருந்ததும் ஒருங்கே வீழ்படிவாகும். இந்தச் சோடா பெருமளவில் உற்பத்தியாகும் குஜராத்தின் மிட்டாப்பூரை அடுத்த கடலிலேயே இயற்கைப் பவளப் பாறைகளும் இருப்பது ஒரு சுவையான பொருத்தம்.

குளிரூட்டிக்காகச் சன்னல்களை அடைத்த அறையில் மனிதர் விடும் கரியமில வாயு நீரில் கரைந்து பி.எச். அளவைத் தாழ்த்தும், காரத்தன்மையோ மாறாது. அங்கே வேண்டுவது சோடா அன்று, திறந்த சன்னல். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் ஆற்று முகத்தை அடுத்துள்ள கரையில் எடுத்த நீரைச் சோதிக்காமல் சேமித்துவைப்பதும் தவறு. உப்பு நீர்த்திருந்தால் மற்றவையும் நீர்த்திருக்கும்.

சோதனை அரிய கலையன்று. நூறு மில்லிலிட்டர் நீரில் மெதில் ஆரஞ்சு ஓரிரு துளி இட்டு, 0.02 நார்மல் வலிமையுள்ள அமிலத்தை மஞ்சள் நிறம் மாறும்வரை பியூரெட்டிலிருந்து விட வேண்டும். செலவான மில்லிலிட்டரைப் பத்தால் பெருக்கினால் காரத்தன்மை கிடைத்துவிடும்; 12 மில்லிலிட்டர் என்றால் 120. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் பயின்ற எவரும் செய்யக்கூடியது இது. ஒரு நாளின் அளவைவிட, இரண்டு நாள்களுக்கு இடையிலான வேறுபாடே பயனுள்ள செய்தி. எண் 115 ஆயினும் 140 ஆயினும் நிலையாக நின்றால் உயிர்கள் பழகிக்கொள்ளும். வாரந்தோறும் ஏறி இறங்கினால் நலியும்.

2020-இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் அலங்கார மீன் வளர்ப்பகங்களுக்குப் பொதுப்பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் மானியம் வகுத்தது. மானியம் பெற்றுக் கட்டிய தொட்டி முதல் ஆண்டிலேயே வெறுமையானால், மீதிப் பங்குக்கு வாங்கிய கடன் அந்தக் குடும்பத்தின் தலையிலேயே நிற்கும். ஆகவே மதிப்பீடு எழுதும்போது ஒரு பியூரெட், ஓராண்டுக்கு வேண்டிய அமிலம், ஒரு குறிப்பேடு ஆகியவற்றைத் தனி இனமாகக் காட்டிவிடுவது நன்று. தொட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே. வங்கி மேலாளர் பார்வையிட வரும்போது அந்தக் குறிப்பேட்டைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.