நமக்கொரு வலைத்தளம்: சாவி யார் கையில்?

(புதுக்கோட்டையில் தோழர்கள் கூடிய அமர்வொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



முகநூல் மாதிரி நமக்கே நமக்கென்று ஒரு தளம் வேண்டும், காசு கொடுத்து ஒரு டெவலப்பரை வைத்துச் செய்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். வேணும்தான். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. அடுத்தவன் திண்ணையில் உட்கார்ந்து பேசினால், எப்போது எழுந்து போகச் சொல்வான் என்பது அவன் இஷ்டம்.

2019 நவம்பரில் அதுதான் நடந்தது. பத்திரிகையாளர் திலீப் மண்டலின் ட்விட்டர் கணக்கு கட்டுப்படுத்தப்பட்டது. ட்விட்டர் சாதி பார்க்கிறது என்று தலித் பகுஜன் மக்கள் கொதித்தார்கள். அந்த நாட்களில் இந்தியாவிலிருந்து பலரும் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜெர்மனியில் ஓர் இளைஞர் எழுதி 2016இல் வெளியிட்டது அது. யாரும் இலவசமாக எடுத்துச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் போன வேகம் நிலைக்கவில்லை. நாம் சண்டை போட வேண்டியவன் அங்கே இல்லையே! பெரும் முதலீட்டோடு வந்த 'கூ'வே 2024 ஜூலையில் கடையைக் கட்டிவிட்டது.

ஆகவே இன்னொரு முகநூல் நம் வேலை இல்லை. ஊருக்குச் சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்வோம். நமக்குள் பேசவும், நம் ஆவணங்களைக் காக்கவும் சின்னதாக ஒன்று போதும். அதற்கு முதல் வரியிலிருந்து புதிதாக நிரல் எழுதச் சொல்லி லட்சங்களைக் கொட்ட வேண்டாம். இருக்கிற சுதந்திர மென்பொருளை நிறுவ, தமிழ்ப்படுத்த, பராமரிக்க மட்டும் கூலி கொடுப்போம்.

நான் வங்கி குமாஸ்தா. எங்கள் பணப் பெட்டக அறை ஒரு சாவியில் திறக்காது. இரண்டு பேர் இரண்டு சாவி போட வேண்டும். ஒருவர் மேல் நம்பிக்கை இல்லாமலா? இல்லை, அதுதான் முறை. தளத்தின் டொமைன் பெயர் டெவலப்பரின் மின்னஞ்சலில் பதிவானால், நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால் தளம் அவருடையது. நல்ல பையன், நம்ம பையன் என்பதெல்லாம் சரி. பெயரும் சர்வரும் இயக்கத்தின் பெயரில் இருக்கட்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான்! (கவிஞர்கள் சந்தோஷப்படலாம்.) சம்பள ஊழியர் எழுதினால் முதலாளிக்கு உரிமை. ஒப்பந்தத்தில் வெளியாள் எழுதினால், கையெழுத்திட்டு எழுதி வாங்காதவரை உரிமை அவருக்கே. எழுதி வாங்கும்போது காலம் குறிக்காவிட்டால் சட்டம் ஐந்தாண்டு என்றே கொள்ளும்.

இதைவிட எனக்குப் பயம், பெயர்ப் பட்டியல். வேங்கைவயல் நம்ம மாவட்டம். 2022 டிசம்பரில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை, அந்தத் தண்ணீரைக் குடித்த சமூகத்தின் மூன்று பேர் மேலேயே வந்தது. தலித் இயக்கங்கள் அதை ஏற்கவில்லை. அதற்குள் கைபேசிப் பதிவுகள் சமூக வலைத்தளங்களில் ஓடிக்கொண்டிருந்தன. நம் தளத்தில் ஊர், உட்சாதி, கைபேசி எண் எல்லாம் கேட்டு வாங்கி ஒரே இடத்தில் அடுக்கினால், நாளைக்கு அது யார் கையில் கிடைக்கும்? 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சாதி விவரத்துக்குத் தனிக் காப்பு எதுவும் வைக்கவில்லை. கேட்காத தகவல் திருடு போகாது. புனைபெயர் போதும்.

இரண்டு சாவியில் ஒன்று பெண் தோழரிடம் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாதே என்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் இதே மாவட்டத்துக் கல்குவாரிப் பெண்கள் சைக்கிள் பழகியபோதும் கேலி பேசினார்கள். பழகிக்கொண்டார்கள்.

டெவலப்பருக்கு முன்பணம் கொடுப்போம், நிறுவியதும் ஒரு பங்கு கொடுப்போம். ஒரு மாதம் கழித்து, அவர் ஒதுங்கி நிற்க, சாவி வைத்திருக்கும் இரண்டு பேரும் காப்புப் பிரதியிலிருந்து தளத்தை வேறு சர்வரில் எழுப்பிக் காட்டட்டும். மிச்சப் பணம் அன்றைக்கு.