இருபத்தைந்து அணுவின் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தங்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்" என்று நம் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். "என்னப்பா, நகைக்கடை வெச்சுட்டியா?" என்று கேட்டார். இல்லை ஐயா. என் தங்கத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஒரு துணுக்கில் இருப்பது மொத்தம் 25 தங்க அணுக்கள். அதன் குறுக்களவு ஏறக்குறைய 1 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதைத் தங்க நானோ கொத்து என்கிறோம்.

தங்கத்தை நுண்துகளாக்கினால் கரைசல் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும் என்று மைக்கேல் ஃபாரடே 1857-லேயே விளக்கிவிட்டார். ஆனால் அந்தத் துகள்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1994-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் புரூஸ்ட், ஷிஃப்ரின் குழுவினர் தயோல் என்னும் கந்தகச் சேர்மத்தால் தங்கத் துகள்களைப் போர்த்தினார்கள். உலர்த்திப் பொடியாக எடுத்து வைக்கலாம். வேண்டும்போது மறுபடி கரைக்கலாம்.

செய்முறை எளிது. மஞ்சள் நிறத் தங்க உப்புக் கரைசலில் தயோலை ஊற்றினால் நிறம் வெளுக்கும். தங்கம், கந்தகம், தங்கம், கந்தகம் என்று பூத்தொடுத்தாற்போல் சங்கிலி உருவாகும். பிறகு சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்தால் அது தங்கத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கும். தங்க அணுக்கள் ஒன்றுகூடிக் கொத்தாகும்; கரைசல் கறுத்துவிடும்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் ஒரேயடியாக ஊற்றினேன். நுண்ணோக்கிப் படம் அழகாக வந்தது. "எல்லாம் ஒரே அளவு" என்று ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டேன். என் நெறியாளர், "ஜெல்லில் ஓட்டிப் பார்த்தாயா?" என்றார். ஓட்டினேன். ஒரு பட்டை வர வேண்டிய இடத்தில் ஐந்து பட்டைகள்! ஒரு வருட உழைப்பு. படத்தை மட்டும் போட்டுவிட்டு ஜெல்லை மறைத்துவிடலாமா என்று அன்று இரவு முழுக்கப் புரண்டேன்.

அப்போது இந்தக் கல்லூரி ஆய்வகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சால்ட் அனாலிசிஸில் சீனியரிடம் விடை கேட்டு எழுதி, ஆசிரியரிடம் மாட்டிக்கொண்ட நாள். "வந்ததை எழுதுடா, வர வேண்டியதை எழுதாதே" என்றார். மறுநாள் அந்த அத்தியாயத்தை அடித்தேன்.

அடித்த பிறகுதான் அந்த ஐந்து பட்டைகளைச் சரியாகப் பார்த்தேன். கொத்துகள் கண்டபடி வளர்வதில்லை. சில எண்ணிக்கைகளில் மட்டும் நிலைத்து நிற்கின்றன. கூடுதல் தயோலோடு விட்டுவைத்தால் பலவீனமானவை கரைந்து, 25 அணுக் கொத்து தாக்குப்பிடிக்கிறது. ஏன்? கணக்குப் போடுங்கள். 25 எலக்ட்ரான்களில் 18 தயோலுக்குப் போய்விடும். மீதி 7. கொத்தின் எதிர்மின்சுமை ஒன்று. ஆக 8. மந்த வாயுவைப் போல நிறைவான கூடு!

2008-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இதன் அமைப்பைக் கண்டறிந்தன. நடுவில் 13 தங்க அணுக்கள். அதைச் சுற்றி ஆறு கவ்விகள். ஒவ்வொன்றிலும் இரண்டு தங்கம், மூன்று கந்தகம். தயோல் கடைசியில் போர்த்திய சால்வை அல்ல. தங்கத்தோடு சேர்ந்து கட்டிய சுவர்.

2014-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் போரோஹைட்ரைடுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்சைடைக் கொண்டு மெதுவாக வினையை நடத்தினார்கள். நிறை நிறமாலைமானியில் இடைப்பட்ட கொத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகக் கூடி எட்டை எட்டுகின்றன. 2017-இல் அதே குழு 25-ஐ விதையாக வைத்து 44 அணுக் கொத்தை வளர்த்தது. அங்கும் எட்டிலிருந்து இருபது வரை இரண்டிரண்டாகத்தான். நான் அவசரப்பட்டு ஊற்றியதில் இந்தப் படிகள் எதையும் பார்க்க முடியாமல் போயிற்று.

மாணவச் செல்வங்களே, இத்துறையில் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே பேராசிரியர் பிரதீப் குழுவினர் பெரும்பணி செய்துவருகிறார்கள். நீங்களும் வரலாம். வரும்போது அந்த ஆசிரியரின் ஒரு வரியை மட்டும் கொண்டு வாருங்கள். என் ஆய்வேட்டில் அந்த ஜெல் படம் ஐந்து பட்டைகளோடு அப்படியே இருக்கிறது.