கடன் சட்டத்தை வன்னியிலிருந்து படியுங்கள்

இன்று பட்டம் பெறும் செல்வங்களே,

1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமான நிறுவனம் இது. இங்கே பட்டம் பெறுவது பெருமை. அந்தப் பெருமையோடு ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

வங்கிச் சட்டம், நிதி ஒழுங்குமுறை என்றதும் கொழும்பும் மத்திய வங்கியும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சட்டங்கள் கடைசியில் வந்து சேரும் இடம், வன்னியில், முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ கிழமைக் கடன் கட்டும் ஒரு தாயின் வீட்டு முற்றம்.

2009 இல் போர் முடிந்த பின் மீள்குடியேறிய குடும்பங்களைத் தேடி நுண்நிதி நிறுவனங்கள் வந்தன. அவை ஈடு கேட்கவில்லை. பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கிக் காசு கொடுத்தன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று சுமை ஏறியது. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர், ஆர்ஜென்டீனச் சட்ட அறிஞர் யுவான் பப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போவதைத் தம் அறிக்கையில் பதிவு செய்தார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றுக் கட்ட முடியாது போன, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முடிவெடுத்தது. வன்னி மாவட்டங்களும் அவற்றுள் இருந்தன.

இத்தனைக்கும் 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. வைப்புப் பணம் திரட்டும் கம்பனிகளுக்கு உரிமம் வழங்கி மேற்பார்வை செய்வதே அதன் முதன்மை நோக்கம். வைப்பு வாங்காமல் கடன் மட்டும் கொடுக்கும் கம்பனி அந்த உரிமத்துக்குள் அகப்படவில்லை. காசு வைப்பவரைக் காத்த சட்டம் காசு வாங்கியவரைக் கைவிட்டது. அநியாய வட்டிக் கடனை மீளத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் கட்டளைச் சட்டம் 1918 இலிருந்தே இருக்கிறது. ஆனால் கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு தேடி அலைபவள் எந்தச் சட்டத்தரணியிடம், எந்தக் காசோடு போவாள்?

அவள் ஏன் வங்கிக்குப் போகவில்லை? இங்கேதான் வன்னியின் முடிச்சு இருக்கிறது. வடமாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியை ஈடு வைக்கவும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெற 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழியை எத்தனை பெண்கள் அறிவார்கள்? எத்தனை வங்கிக் கிளைகள் எடுத்துச் சொல்கின்றன? 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியையும் நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. வங்கிக் கதவு அடைபட்டதால்தான் ஈடு கேட்காத கடன் வாசலுக்கு வந்தது என்பது என் எண்ணம். அதை நிறுவவோ மறுக்கவோ ஆய்வு வேண்டும்.

அந்த ஆய்வைச் செய்ய உங்களைவிடத் தகுதியானவர் யார்? கணக்கும் தெரியும், ஊரும் தெரியும். ஒரு கடனுக்கு ஆண்டுக்கு 24 வீதம் வட்டி என்று எழுதியிருக்கும். முழுத் தொகைக்கும் அந்த வட்டியைக் கணக்கிட்டு, முதலையும் சேர்த்து 12 மாதத் தவணைகளில் அறவிட்டால் உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடும். மத்திய வங்கி தன் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களின் நுண்கடன்களுக்கு விதித்த உச்சவரம்பு 35 வீதம். எழுதிய வட்டிக்கும் உண்மையான வட்டிக்கும் இடையிலான இந்த வேறுபாட்டைக் கடன் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும். ஒப்பந்தங்களைத் திரட்டுங்கள். எந்த மொழியில் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள் என்று பாருங்கள். நீதிமன்றப் பதிவேடுகளைப் படியுங்கள். சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் அதே ஊர்களில் எப்படிக் கடன் கொடுத்தன என்பதையும் ஒப்பிடுங்கள். உங்களிடம் மனம் திறந்தவர்களின் பெயரைக் காப்பாற்றுங்கள். கண்டதைத் தமிழிலும் எழுதி, அவர்களிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

உங்களில் சிலர் வங்கிகளில் அதிகாரிகளாவீர்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி உங்கள் மேசைக்கு முன்னால் வந்து அமரும்போது, "கணவனின் கையெழுத்து இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவளுக்குச் சட்டம் வைத்திருக்கும் வழியைச் சொல்லிக் கொடுங்கள். குழுக்கடன் கட்டிப் பிள்ளையைப் படிப்பித்த தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும். அடுத்த கடன் சட்டம் எழுதப்படும்போது, அவர்களின் அனுபவம் உங்கள் ஆய்வின் வழியே சான்றாகப் பாராளுமன்றத்தின் முன் போகட்டும். அதை நீங்கள் செய்து முடிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டு, உங்கள் அனைவரையும் மனமார வாழ்த்துகிறேன்.