இருதயத் தழும்பும் காந்தப் படமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாரடைப்பிலிருந்து தப்பியவரின் இருதயத்திலே தழும்பொன்று எஞ்சிவிடுகிறது. அத்தழும்பின் ஊடாக மின்னோட்டம் வழிமாறிச் சுழன்றால், இருதயம் கட்டுமீறித் துடித்து உயிரே போகலாம். அவ்வேளையில் மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றவே ஒரு சிறு கருவியை உடலினுள் பதிக்கிறார்கள். 1980இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் முதன்முதல் பதித்தார்கள். இன்று பெரும்பாலும் இடது காறையெலும்பின் கீழ் வைக்கிறார்கள்.

கருவி உயிரைக் காக்குமேயன்றித் தழும்பை மாற்றாது. அது அடிக்கடி அதிர்ச்சி கொடுக்க நேர்ந்தால், மின்னோட்டம் செல்லும் அந்தக் கள்ளவழியைச் சுட்டு அடைப்பதுண்டு. அதற்குத் தழும்பு எங்கே உள்ளது என்று தெரியவேண்டும், எம்.ஆர்.ஐ. எனும் காந்தப் படம் அதைக் காட்டும்.

கடோலினியம் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுப்பார்கள். மழை விட்டதும் வயல்நீர் வடிந்து, பள்ளத்தில் மட்டும் தேங்குமல்லவா? அவ்வாறே மருந்து நல்ல தசையை விட்டு வடியும், தழும்பில் தேங்கும். பின்னர் ஒரு வானொலி அலையைச் செலுத்தி நல்ல தசையைக் கறுப்பாக்குவர். தழும்பு வெள்ளையாய் ஒளிரும்.

இங்கேதான் சங்கடம். பதித்த கருவியின் உலோகம் காந்தப்புலத்தைக் குலைக்கிறது. அருகிலுள்ள தசையின் அலைவரிசை செக்கனுக்குச் சில ஆயிரம் சுழற்சிகள் விலகிவிடுகிறது. கறுப்பாக்கும் அலையோ ஆயிரமளவு அகலமே உடையது. வானொலி முள் நகர்ந்தால் நிலையம் கேளாததுபோல, அலை அங்கே எட்டாது. நல்ல தசையும் வெள்ளையாகி, இல்லாத தழும்பு படத்தில் தோன்றும்! யாருக்குப் படம் மிக அவசியமோ அவருக்கே படம் பொய்சொன்னது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர்கள் அவ்வலையை ஏறக்குறைய மூன்றரை மடங்கு அகலமாக்கி, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பொய் வெள்ளை பெரிதும் மறைந்தது. புது இயந்திரம் வேண்டியிருக்கவில்லை. அவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற கல்யாணம் சிவகுமார்.

“கருவி வைத்தவர் காந்தத்தின் கிட்டவும் போகக்கூடாது” என்று சொல்வோர் இன்னும் உளர். முன்னர் அது சரி. ஆனால் காந்தத்துக்கென அனுமதி பெறாத பழைய இருதயக் கருவிகளுடைய 1509 பேருக்கு, வைத்தியர் கண்காணிப்பில், 1.5 தெஸ்லாக் காந்தத்தில் படமெடுத்தும், நீடித்த பெருந்தீங்கு நேரவில்லை என 2017இல் ஓர் ஆய்வு காட்டிற்று. படத்துக்கு முன்னும் பின்னும் கருவியின் அமைப்பைச் சரிசெய்தல் வேண்டும். அறுந்த கம்பி உள்ளவர் விடயம் வேறு.

நமது வவுனியாப் பகுதிக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். சிறுநீரக நோய் இங்கே பல வீடுகளை வருத்துகிறது. சிறுநீரகம் மிகப் பழுதானவருக்குச் சிலவகைக் கடோலினியம் தோலை இறுக்கும் கொடிய நோயைத் தரக்கூடும் என்பது 2006இல் தெரியவந்தது. ஆகவே, பெரியோர்களே, கருவி பதித்தபோது தந்த அட்டையைப் பெட்டகத்தில் பூட்டிவிடாதீர்கள். கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளோடு சேர்த்து, வைத்தியசாலைக்குப் போகும்போதெல்லாம் கையோடு கொண்டு செல்லுங்கள். இளைஞர்களே, அப்பாவின் அட்டை எங்கே இருக்கிறதென்று இன்றிரவே கேட்டுவையுங்கள்.