இழை முந்தியது, வலை பிந்தியது

சிலந்தி இனத்தின் வரலாற்றை வட்ட வலையிலிருந்து தொடங்குவது வழக்கமாயினும், நூல் சரியில்லையெனில் துணி சரிவராது என்பதை அன்றாடம் காணும் திருப்பூரில் அதனை இழையிலிருந்து தொடங்குவதே பொருந்தும். ஏனெனில் இழை தோன்றிப் பல கோடி ஆண்டுகள் கழிந்த பின்னரே வலை தோன்றியது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கில்போவாவில் கிடைத்த அட்டர்கோபஸ் என்னும் உயிரி ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. மிகப் பழைய சிலந்தி எனக் கருதப்பட்ட அது, சிலந்தியே அன்று என 2008ஆம் ஆண்டின் மறு ஆய்வு காட்டியது. இழை கசியும் நுண்குழல்கள் அதன் வயிற்றுத் தகடுகளில் இருந்தனவேயன்றி, அவற்றைத் தாங்கி அசையும் நூற்புறுப்புகள் இல்லை; நீண்ட வாலும் இருந்தது. அத்தகைய உடலால் வலை பின்ன இயலாது. முட்டைகளைப் போர்த்தவோ வளைக்கு உட்பூச்சு இடவோ இழை பயன்பட்டிருக்கலாம். தென்கிழக்காசியாவில் இன்றும் வாழும் லிபிஸ்டியஸ் என்னும் தொல்குடிச் சிலந்தி, வளையின் மூடிக்கு வெளியே சில இழைகளைப் பரப்பிவிட்டு உள்ளே காத்திருக்கிறது. இழையில் இடறும் பூச்சியை அதிர்வு காட்டிக்கொடுக்கிறது. செய்தி சொல்லும் இழைக்கும் இரையைத் தடுத்து நிறுத்தும் வலைக்கும் இடையிலுள்ள தொலைவு அதிகமில்லை.

இரையை ஒட்டவைக்கும் வழிகள் இரண்டு. அவற்றுள் பழையதைத் தென்னிந்தியாவின் வறண்ட முட்புதர்களில் கூட்டமாக வாழும் ஸ்டெகோடிஃபஸ் சாரசினோரம் என்னும் சிலந்தியிடம் காணலாம். நூற்புறுப்புகளுக்கு முன்னுள்ள சல்லடைத் தகட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மிக நுண்ணிய இழைகள் வெளிவர, நான்காம் காலிலுள்ள மயிர்வரிசையால் சிலந்தி அவற்றைச் சீவிச் சீவிப் பஞ்சாக்குகிறது. பசையே இல்லாத அப்பஞ்சு பூச்சியின் கால்களில் சிக்கிக்கொள்கிறது. ஈரம் தேவைப்படாததால் கொளுத்தும் வெயிலிலும் நாட்பட உழைக்கிறது. புதிய வழியைக் கையாளும் வட்டவலைச் சிலந்திகளோ இழையில் நீர்த்த பசைத்துளிகளைக் கோத்து, அவை பயனிழந்ததும் வலையைத் தின்று புதிதாகக் கட்டுகின்றன. சாரசினோரத்தின் கூட்டில் பெண்களே மிகுதி. தாயின் உடலையே குஞ்சுகள் உண்டு வளர்கின்றன. இக்கூட்டு வாழ்க்கை ஸ்டெகோடிஃபஸ் பேரினத்தில் மூன்று முறை தனித்தனியே தோன்றியது என்பது ஆய்வாளர் முடிவு.

சீவிய இழையாலும் வட்ட வலை கட்டும் சிலந்திகள் உண்டு. இரு வகை வட்ட வலையாளரும் ஒரே குடும்பக் கிளையினர் என்ற நெடுநாள் நம்பிக்கையை 2014இல் வெளியான மரபணு ஆய்வுகள் தகர்த்தன. சீவும் வகையினர், வலையே கட்டாது பாய்ந்து வேட்டையாடும் சிலந்திகளுக்கே நெருங்கிய உறவினர். வட்ட வலை இருமுறை தோன்றியதா, ஒருமுறை தோன்றிப் பலரால் கைவிடப்பட்டதா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. எவ்வாறாயினும், வட்ட வலையைப் பரிணாமத்தின் கொடுமுடியாகக் கருதுவது மனிதக் கண்ணின் அழகுணர்ச்சியேயன்றி அறிவியலன்று. 6,000க்கும் மேற்பட்ட வகைகளைக் கொண்ட தாவும் சிலந்திகள் வலையைத் துறந்தும் இழையைத் துறக்கவில்லை.

சிலந்தி இழையை நூற்கும் முறை ஆலை முறையினின்று வேறுபட்டது. பருத்தியோடு சேர்த்துப் பின்னப்படும் லைக்ரா என்னும் செயற்கை இழை, கரைப்பானில் கரைக்கப்பட்டு நுண்துளைகள் வழியே தள்ளப்படுவது. சிலந்தியின் இழையோ நீரில் கரைந்த புரதமாகச் சுரப்பியில் இருந்து, குறுகிச் செல்லும் நாளத்தில் அமிலத்தன்மை ஏறி நீர் பிரிய, காலாலோ உடல் எடையாலோ இழுக்கப்பட்டுத் திடமாகிறது. நொய்யல் ஆற்றின் மாசு காரணமாக 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைக் கண்ட திருப்பூருக்கு, கழிவின்றி நூற்கும் இம்முறையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் சிலந்திகள் ஒன்றையொன்று தின்பதால் பட்டுப்புழுவைப் போல் அவற்றை வளர்க்க முடியாது. 2009இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்த பொன்னிறத் துணிக்கு, மடகாஸ்கரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளைப் பிடித்து இழை உருவ வேண்டியிருந்தது. இழைப்புரத மரபணுக்களைப் பாக்டீரியாவிலும் ஈஸ்ட்டிலும் புகுத்திப் புரதத்தைப் பெருக்குவது இன்று இயலும். அந்தக் குறுகிய நாளத்தின் வேலையை எந்திரத்தில் கொண்டுவருவதே கடினமாக இருக்கிறது.