வடலூர்: ஊரார் கூடி அளித்த நிலம்



சங்கக் கூட்டங்களில் கடன், வசூல், பங்குத்தொகை ஆகியவற்றைப் பற்றியே பேசுவது வழக்கம். இன்று நமக்கு அணித்தேயுள்ள வடலூரின் வரலாற்றையும் அவ்வூரின் வசதிகளையும் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். அதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

கடலூரினின்று விருத்தாசலம் செல்லும் சாலையும், சென்னையினின்று கும்பகோணம் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடத்தில் வடலூர் அமைந்துளது. பார்வதிபுரம் என்பதும் அதன் பெயரே. வழிப்போக்கர் இடையறாது வந்து போகும் அவ்விடத்தில் பசித்தோர்க்கு உணவளிக்க இராமலிங்க சுவாமிகள் எண்ணங்கொண்டார். ஊரார் எண்பது காணி நிலத்தை விலையின்றி எழுதிக் கொடுத்தனர். காணி ஒன்றுக்கு 1.32 ஏக்கராகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 106 ஏக்கர் ஆகின்றது. 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி தருமசாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. எண்கோண வடிவமான சத்திய ஞான சபையில் 1872-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 25-ஆம் தேதி, தைப்பூசத்தன்று, முதல் வழிபாடு நடந்தது.

நம் தேசத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது 1904-இல். அதற்கு முப்பத்தேழு வருஷங்களுக்கு முன்னரே, சட்டமும் சர்க்கார் உத்தரவுமின்றி, குடியானவர்கள் தத்தம் நிலத்தைப் பொதுவாக்கினர் என்பதைக் கவனியுங்கள்.

அந்த வித்து பல்கிப் பெருகியது. தைப்பூசந்தோறும் ஜனங்கள் திரளுகின்றனர். ரயில் நிலையமும், சந்தையும், பள்ளிகளும் உள்ளன. 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதம மந்திரியாயிருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், பதவி நீங்கியபின் வடலூரில் தங்கிக் கல்விப்பணி புரிந்தார். 1956-இல் அருகிலுள்ள நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டதால் தொழிலும் வியாபாரமும் வளர்ந்தன. பேரூராட்சியாயிருந்த வடலூர் 2021-இல் நகராட்சியாயிற்று.

ஆயினும் ஊர் வளர வளர நிலத்தின் விலையும் ஏறுகின்றது; பொதுநிலத்தின்மீது பலர் கண்ணும் விழுகின்றது. 2024-இல் சபையின் பெருவெளியில் சர்வதேச மையம் கட்டப் பள்ளம் தோண்டியபொழுது, தம் முன்னோர் அளித்த வெளி வெளியாகவே இருத்தல் வேண்டுமென்று பார்வதிபுரத்தார் ஆட்சேபித்தனர். விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. நியாயம் எப்பக்கம் என்று கூறுவது என் வேலையன்று. நான் கூற விரும்புவது ஒன்றே: கொடுத்தவர்களின் சந்ததியார் நூற்றைம்பது வருஷங்களுக்குப் பின்னரும் அந்நிலத்தை மறக்கவில்லை.

நம் சங்கத்தின் களஞ்சியம், கட்டிடம், மனை ஆகியவற்றின் எல்லைகள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பொதுச்சொத்து யாருக்கும் சொந்தமில்லாத சொத்தன்று, ஒவ்வொருவருக்கும் சொந்தமானது. ஆதலின், சங்கத்தின் பத்திரங்களையும் நில வரைபடத்தையும் வருஷம் ஒருமுறை பொதுக்கூட்டத்தில் வாசிக்கச் செய்யுங்கள். எல்லைக்கற்களை நேரிற் சென்று பாருங்கள். கணக்கைக் கேட்கக் கூச வேண்டாம். கூடிக் கொடுப்பது ஒரு நாளைய காரியம். கூடிக் காப்பதோ தலைமுறைதோறும் செய்யவேண்டிய கடமை.