தகட்டுக்குள் உறையும் தகைவு



மொழி மன்ற மேடையில் அலுமினியத் தகட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சொல்லை அறியாமையால் நாங்கள் இழைத்த தவறொன்றைக் கூறினால் அவ்வையம் நீங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் பட்டறையில் 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடொன்றை 12 மில்லிமீட்டராகக் குறைக்க வேண்டியிருந்தது. விலை குறைவென்று, பதக் குறியீட்டைப் பாராமல் வாங்கிய தகடு அது. இளைஞர் ஒருவர் அதை வைஸில் இறுகப் பூட்டி, மில்லிங் இயந்திரத்தில் ஒரு பக்கத்திலேயே 8 மில்லிமீட்டரையும் சீவி எடுத்தார். பிடியில் இருந்தவரை மானியின் முள் அசையவில்லை. பிடியைத் தளர்த்தியதும் தகடு வில்லாக வளைந்தது. கைப்பழக்கம் போதாது என்று அவரைக் கடிந்துகொண்டோம். சில நாள்களில் அவர் வேலையை விட்டே சென்றார். பிழை அவர் கையில் இல்லை என்பதைப் பின்னரே கற்றோம்.

6061 என்னும் அலுமினியக் கலவையை உறுதியாக்க, ஏறத்தாழ 530 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி நீரில் அமிழ்த்துவர். மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகும். பின்னர் குளிரும் உட்பகுதி சுருங்க முயலும். இறுகிய மேற்பரப்பு அதைத் தடுக்கும். இவ்வாறு மேற்பரப்பில் அமுக்கமும் உள்ளே இழுவையும் ஒன்றையொன்று சமன்செய்து உறைந்துவிடுகின்றன. இதுவே எச்சத் தகைவு. ஒரு பக்கத்தை மட்டும் சீவினால் அச்சமநிலை குலைகிறது. எஞ்சிய உலோகம் வளைந்து புதிய சமநிலையைத் தேடுகிறது. இறுக்கிய பிடி அவ்வளைவை மறைக்குமேயன்றி நீக்காது.

வழி என்ன? முதலாவது, டி651 என்று குறியிட்ட தகட்டைத் தேர்ந்தெடுத்தல். அமிழ்த்திய பின் 1.5 முதல் 3 விழுக்காடு வரை இழுத்து நீட்டப்படுவதால் அதில் தகைவு பெரிதும் தணிந்திருக்கும். இரண்டாவது, இருபுறமும் மாற்றி மாற்றி ஒத்த அளவில் சீவுதல். மூன்றாவது, இறுதிச் சீவலுக்குச் சிறிது விட்டுவைத்து, பிடியைத் தளர்த்தித் தகட்டை அதன் போக்கில் வளையவிடுதல். அடியில் இடைவெளி தோன்றினால் அழுத்தி மூடாமல், மெல்லிய தகட்டுத் துண்டு செருகி, இலேசாகப் பிடித்து முடிக்க வேண்டும். வெப்பத்தையும் மறத்தலாகாது. அலுமினியம் ஒரு பாகைக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 23 மைக்ரோமீட்டர் விரியும், எஃகைப்போல் இருமடங்கு. ஒரு முகம் மட்டும் சூடேறினால் தகடு வளையும். ஆகவே கூரிய வெட்டுளியும் குளிர்நீர்மமும் வேண்டும்.

நம் முன்னோர் பனையோலையை வேகவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்துச் சமமாக்கிய பின்னரே எழுத்தாணியைத் தொட்டனர். பொருளைப் பதப்படுத்தாமல் அதன்மேல் வேலை செய்யலாகாது என்பது அவர்கள் அறிந்த நெறி.

தகைவு என்னும் சொல் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் உள்ளது. எங்கள் பட்டறையில் இருந்ததில்லை. இருந்திருந்தால், குறையை அவ்விளைஞரிடம் தேடாமல் தகட்டுக்குள் தேடியிருப்போம். கலைச்சொல் ஏட்டோடு நின்றுவிடாமல் பட்டறைக்கும் வரவேண்டும் என்று நாங்கள் வேண்டுவது இதனாலேயே.